நாய் கடிக்க முன்னர் பேசுகிறது, நம் பிள்ளைகளுக்குத்தான் அது விளங்குவதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெற்றாரிடம் அனுமதி கேட்ட பின்னர்தான் எழுதுகிறோம். பெயரும் வகுப்பும் சொல்லமாட்டோம். யாரும் கொமண்டில் ஊகித்து எழுதவும் வேண்டாம்.

போன மாதம் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் ஒரு மாணவன் ஒரு காலை ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தான். இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டோம்.

"என்ன மகன், கால்ல என்ன?"

"ஒண்டுமில்ல டீச்சர்."

"விழுந்தயா?"

"ஓம் டீச்சர்."

விழுந்த பிள்ளைக்குக் காயம் முழங்காலில் இருக்கும். இவனோ கெண்டைக்காலை மறைத்துக்கொண்டு நின்றான். காலுறையை இறக்கிப் பார்த்தால் பல் பட்ட தடம். சுற்றிவர வீங்கிச் சிவந்திருந்தது. காயத்துக்குள் மண் இருந்தது.

நாய் கடித்து மூன்று நாள். காலையில் ஓதப் போகும் வழியில் கடித்திருக்கிறது. பள்ளிக் குழாயில் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் ஓதி முடித்து, பாடசாலைக்கும் வந்திருக்கிறான். மண் எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இது:

"நாய் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும் எண்டு சொல்லித் தந்தாங்க டீச்சர். நான் சரியா எண்ணிக் கழுவின."

அவன் பொய் சொல்லவில்லை. எண்ணித்தான் கழுவியிருக்கிறான். நாய் பற்றி அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்திருந்தது அந்த ஒரு விசயம்தான். அதை அவன் முழுமையாகச் செய்திருக்கிறான்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நான்தான் முதல்ல கல்லால எறிஞ்ச. உம்மா ஏசுவா. வாப்பா அடிப்பாரு" என்றான்.

உடனே வாப்பாவுக்கு அழைப்பெடுத்து வைத்தியசாலைக்கு அனுப்பினோம். வாப்பா அடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது அவருடைய கை நடுங்கியதைப் பார்த்தோம். தடுப்பூசி போட்டார்கள், காயத்தைச் சுத்தம் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது நலம்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. தரம் மூன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நாய் பற்றிப் பத்து வசனம் எழுதக் கொடுக்கிறோம். நாய் நன்றியுள்ள பிராணி. நாய்க்கு நான்கு கால்கள். நாய் வீட்டைக் காவல் காக்கும். எல்லோரும் சரியாக எழுதுவார்கள், நாங்களும் சரி போட்டு நட்சத்திரம் வரைவோம். அந்தப் பத்து வசனத்தில் ஒன்றாவது நாய் எப்போது கடிக்கும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் கால் தப்பியிருக்கும்.

அடுத்த வாரம் அவனைப் பக்கத்தில் இருத்தி, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னோம்.

கட்டி முடிக்காத ஒரு வீடு. அதற்குள் நாயொன்று குட்டி போட்டிருக்கிறது. முந்தைய நாள் கூட்டாளிகளோடு போகும்போது கல்லெறிந்திருக்கிறார்கள். மறுநாள் இவன் தனியாகப் போனான். நாய் வாசலில் நின்றது. "சும்மா பாத்துட்டு நிண்டிச்சு டீச்சர், அசையவே இல்ல." பிறகு நாக்கால் மூக்கை நக்கியது. தலையை ஒருபக்கம் திருப்பியது, ஆனால் கண் இவன்மீதே இருந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது. முதுகு மயிர் எழும்பியது. உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி உறுமியது. இவன் கல்லெடுக்கக் குனிந்தான். நாய் முன்னே பாய்ந்தது. இவன் ஓடினான். கடித்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். கல்லெடுக்க முன்னரே அந்தத் தாய் நாய் ஆறு முறை சொல்லியிருக்கிறது. உறைந்து நின்றது ஒன்று. மூக்கை நக்கியது இரண்டு. தலையைத் திருப்பியது மூன்று. கண் வெள்ளை தெரியப் பார்த்தது நான்கு. மயிர் சிலிர்த்தது ஐந்து. பல்லைக் காட்டி உறுமியது ஆறு. "கிட்ட வராதே, குட்டி இருக்கிறது" என்று ஆறு முறை சொன்னதை நம் பிள்ளை ஒரு தடவையும் விளங்கவில்லை. அவனில் குற்றமில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாயின் இந்த உடல்மொழி புதிதாகக் கண்டுபிடித்த விசயமல்ல. சார்ள்ஸ் டார்வின் 1872 இல் எழுதிய நூலில், கோபமான நாய் எப்படி நிற்கும், பணிந்துபோகும் நாய் எப்படி வளையும் என்று படம் போட்டே விளக்கியிருக்கிறார். நோர்வே நாட்டைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ரூகாஸ், கொட்டாவி விடுவது, நாக்கால் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் பதற்றத்தைத் தணிக்க நாய் காட்டும் அடையாளங்கள் என்று எழுதினார். கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரித்தானிய மிருக வைத்தியர் இவற்றை ஓர் ஏணி மாதிரி வரிசைப்படுத்தினார். கீழ்ப்படியில் கொட்டாவி, மூக்கு நக்கல். மேல்படியில் உறுமல், வெற்றுக் கடி, கடைசியில் உண்மையான கடி. கீழ்ப்படியில் சொன்னதை யாரும் கேட்காவிட்டால் நாய் அடுத்த படிக்கு ஏறும். ஆபத்து கிட்டத்தில் வந்துவிட்டால் இடைப்படிகளைத் தாண்டி நேரே மேலேயும் போகும்.

வால் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வாலாட்டினால் சிநேகம் என்று நாம் நினைக்கிறோம். உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் அகலமாக ஆடினால் பெரும்பாலும் சிநேகம்தான். வால் உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் வேகமாக ஆடினால் அது பதற்றம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சொந்தக்காரரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது, அறிமுகமில்லாத பலமான நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடுதலாக ஆடியது. தெருவில் நின்று இடமா வலமா என்று பார்க்கச் சொல்லவில்லை. வாலை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், முழு உடம்பையும் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்னொன்று. உறுமும் நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். கடிப்பதை நிறுத்தாது. பிறகு அது சத்தமில்லாமல் கடிக்கும் நாயாகிவிடும்.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

கல்வியியற் கல்லூரியில் படித்த எல்லா ஆசிரியருக்கும் பாவ்லோவின் நாயைத் தெரியும். மணி அடிக்கும், சாப்பாடு வரும். திரும்பத் திரும்ப நடந்தால் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும். இதைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிப் புள்ளியும் வாங்கினோம். ஆனால் அதே பரிசோதனை நமது தெருவில் தினமும் நடப்பதை நாங்கள் கவனிக்கவில்லை. சிறுவன் குனிவான், கல் வரும். சிறுவன் குனிவான், கல் வரும். பல தடவை நடந்த பிறகு சிறுவன் குனிந்தாலே நாய்க்குப் பயம் ஊறும். பயந்த நாய்க்கு இரண்டு வழிதான். இடமிருந்தால் ஓடும். ஓட முடியாவிட்டால், அல்லது பின்னால் குட்டி இருந்தால், கடிக்கும்.

செருப்பு வாரைச் சரிசெய்யக் குனியும் பிள்ளையைப் பார்த்தும் சில நாய்கள் விலகி ஓடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தப் பாடத்தை நாய்க்குக் கற்பித்தவர்கள் நாம்.

குட்டிகளின் விசயம் இன்னும் முக்கியம். ஸ்கொட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965 இல் நூலாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையான காலத்தில்தான் ஒரு குட்டி மனிதனை நண்பனாகவோ எதிரியாகவோ மனதில் பதிக்கிறது என்பது அவர்களின் முக்கிய முடிவுகளில் ஒன்று. அந்த வயதுக் குட்டியைத்தான் நம் பிள்ளைகள் காலால் தட்டியும், வாலில் டப்பா கட்டியும் விளையாடுகிறார்கள். பெரியவர்களும் சிரித்துக்கொண்டு போகிறோம். அடுத்த வருடம் அதே தெருவில் மனிதனைக் கண்டால் பாயும் ஒரு நாய் வளர்ந்து நிற்கும். பிறகு பிரதேச சபை ஒன்றும் செய்வதில்லை என்று பதிவு போடுவோம்.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். "டீச்சர், நாய் நஜீஸ். நாயோடு பழகச் சொல்றீங்களா?"

இல்லை. நம்மில் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். ஈரத்தோடு நாய் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண்ணோடு என்பதில் மாற்றம் கேட்கவில்லை. வீட்டுக்குள் நாய் வளர்க்கவும் சொல்லவில்லை. நாயிடமிருந்து ஒதுங்கி நடக்க விரும்புகிறவருக்குத்தான் அதன் மொழி கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த நாய் ஒதுங்கும், எந்த நாய் ஒதுங்காது என்று தெரியாமல் எப்படி ஒதுங்குவது?

அருவருப்பும் கொடுமையும் ஒன்றல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வேட்டைக்குப் பயிற்றப்பட்ட நாய்கள் பிடித்து வருவதை உண்ணலாம் என்று சூரத்துல் மாயிதா அனுமதிக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் நாம் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு இருந்த நாய், வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது என்று அதில் வருகிறது. ஒரு நாய் எப்படிப் படுத்திருந்தது என்பதை அல்லாஹ் தன் வேதத்தில் சொல்லியிருக்கிறான். நாம் வாரா வாரம் அதை ஓதுகிறோம். நமது தெருவில் நாய் எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பது மார்க்கத்துக்கு முரணாகுமா?

காயத்தில் மண் போட்டது பற்றி மௌலவி ஒருவரிடமும் கேட்டோம். பாத்திரத்துக்கும் உடுப்புக்கும் உள்ள சட்டத்தைப் பிள்ளை திறந்த காயத்துக்குச் செய்துவிட்டது, உயிரைப் பாதுகாப்பது முதல் கடமை, முதலில் சிகிச்சை, சுத்தம் பற்றிய கேள்வியைப் பிறகு ஆலிமிடம் கேட்கலாம் என்றார். மத்ரஸாவில் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதாகவும் சொன்னார். அல்லாஹ் அவருக்கு அருள் புரியட்டும்.

இனி பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதை எழுதுகிறோம். வீட்டிலும் செய்து பாருங்கள்.

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், கட்டிப்போட்ட நாய், காயம்பட்ட நாய். இந்த ஐந்துக்கும் கிட்டப் போகக்கூடாது. தெரிந்த நாயானாலும் சரி.

நாய் உறைந்து நின்று பார்த்தால் நாமும் நிற்க வேண்டும். ஓடக்கூடாது. ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. நம் ஓட்டத்தை விட அதன் ஓட்டம் வேகம். கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது, அது நாய்க்குச் சவால். கையை உடம்போடு சேர்த்து, கீழே பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நில். நாய்க்குச் சலிப்பு வந்து ஆர்வம் போகும். பிறகு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டாக, மெதுவாக விலகு.

தள்ளி விழுத்திவிட்டால் கல் மாதிரி சுருண்டுகொள். முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கைகளால் கழுத்தையும் காதையும் மூடு. கத்தாதே.

சைக்கிளில் போகும்போது துரத்தினால் வேகத்தைக் கூட்டாதே. மெதுவாக்கி இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொள்.

வகுப்பில் மரமும் கல்லும் விளையாட்டாகச் செய்தோம். ஒரு பிள்ளை நாயாக வந்தது. சிரிப்பும் கும்மாளமும்தான். ஆனால் மறக்கமாட்டார்கள்.

மீறிக் கடித்துவிட்டால்? இது பெரியவர்களுக்கு.

விசர்நாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்தில்லை. அறிகுறி தொடங்கினால் ஏறத்தாழ எல்லோரும் மரணிக்கிறார்கள். ஆனால் கடித்ததற்கும் அறிகுறிக்கும் இடையில் பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள் கிடைக்கின்றன. அந்த இடைவெளியில் தடுப்பூசி உயிரைக் காக்கிறது. 1885 ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் முதன்முதலில் அந்த ஊசியால் காப்பாற்றியது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை. எங்கள் மாணவனின் வயதுதான். உலகத்தில் விசர்நோய் மனிதனுக்கு வருவது 99 வீதம் வரை நாய்களால் என்றும், சந்தேகத்துக்குரிய மிருகங்கள் கடித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆகவே கடித்த உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மண், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி இலவசம். சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். நாட்கள் கடந்திருந்தாலும் போங்கள், பிந்திவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடித்த நாயைக் கொல்லாதீர்கள். இரண்டு வாரம் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது வைத்தியருக்கு உதவும்.

பூனையையும் மறக்காதீர்கள். நம் வீடுகளில் பூனை பிள்ளையோடு பிள்ளையாகப் படுக்கிறது. பூனைக்கும் விசர்நோய் வரும். கடித்தாலும், நகத்தால் கீறினாலும் அதே சவர்க்காரம், அதே வைத்தியசாலை. "பூனைதானே" என்று விடவேண்டாம்.

கடைசியாக ஊர் மக்களிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று. இறைச்சிக் கழிவை பொலித்தீன் பையில் கட்டி வெற்று வளவில் எறிவதை நிறுத்துவோம். குறிப்பாக ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில். நாயை அழைத்து விருந்து வைப்பவரும் நாம், பிறகு கூட்டம் கூடிவிட்டது என்று கல்லெறிபவரும் நாம்.

இரண்டு. நஞ்சு வைக்காதீர்கள். 2006 இலிருந்து தெருநாய்களைக் கொல்லாத கொள்கை நாட்டில் இருக்கிறது. கொன்றாலும் குப்பை இருக்கும் இடத்துக்கு வேறு நாய்கள் வரும். தடுப்பூசி போட்ட நாய் போய், போடாத நாய் வந்து நிற்கும். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் விசர்நோய் பரவுவது நின்றுவிடும் என்பதுதான் உலகம் கண்ட வழி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் அரச மிருக வைத்தியரிடமும் தடுப்பூசி நாள் எப்போது என்று கேட்டு, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். காணாமல் போன பணப்பைக்கு அறிவிக்கிறோம், இதற்கும் அறிவிக்கலாம்.

மூன்று. சின்னப் பிள்ளைகளை இருட்டோடு தனியாக ஓத அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பெரிய பிள்ளையோடு அனுப்புங்கள்.

நான்காவதுதான் எங்களுக்கு ஆக முக்கியம். "நாய் கடித்தால், பூனை கீறினால், உடனே வந்து சொல். நீ கல்லெறிந்திருந்தாலும் சொல். ஏசமாட்டோம், அடிக்கமாட்டோம்" என்று இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று நாளும் எங்கள் மாணவன் ஆக அதிகமாகப் பயந்தது நாய்க்கல்ல, நமக்கு. ஒரு காயத்தைத் தன்னுடைய உம்மாவிடமே மறைக்கும் அளவுக்கு ஒரு பிள்ளை பயந்தால், நாயின் மொழியோடு சேர்த்து நம் பிள்ளையின் மொழியையும் நாம் படிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர்களான எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மூன்று நாள் எங்கள் முன்னால்தான் அவன் நொண்டினான். மூன்றாம் நாள்தான் எங்கள் கண்ணில் பட்டது.

நேற்று அவன் இடைவேளையில் ஓடி வந்தான்.

"டீச்சர், அந்த நாய் இண்டைக்கும் நிண்டிச்சு. என்னப் பாத்துட்டு மூக்க நக்கிச்சு."

"நீ என்ன செஞ்ச?"

"நான் நிண்ட. பிறகு மெதுவா ரோட்டுக்கு அங்கால பக்கத்தால போன. அதுவும் உள்ளுக்குப் போயிட்டு."

தேவைப்படுகிறவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். வட்ஸ்அப் குழுக்களிலும் போடலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை.

வஸ்ஸலாம்.